சோமாலியாவில குலம் எண்டுறது நம்மட குடி மாதிரியா? 'நாலரை' கணக்கு எங்கிருந்து வந்தது?

எழுவான்கரை கேட்டது:

எங்கட வாசிகசாலையில மாதம் ஒரு நாட்டைப் பற்றிப் பேசுற கூட்டம் நடக்குது. வாற மாதம் சோமாலியா, பேசுறது நான். இருபது நிமிசம். கேட்க வாறது ஏ.எல். பொடியன்களும் பென்சன் எடுத்த வாத்திமாரும். வாத்திமார் குறுக்குக் கேள்வி கேக்கிற ஆக்கள், அரைகுறையாப் போய் நிக்க ஏலாது.

எனக்குப் பிடிபடாத இடம் இதுதான். அங்க கிட்டத்தட்ட எல்லாரும் சோமாலி, ஒரே மொழி, எல்லாரும் சுன்னி முஸ்லிம். நம்மட நாட்டில அடிபட மொழி கிடந்தது, மதம் கிடந்தது. அது ரெண்டும் இல்லாத இடத்தில 1991இல ஒரு அரசே எப்பிடிக் கரைஞ்சு போச்சு? எதை வாசிச்சாலும் "குலப்பற்று" எண்டு ஒரு சொல்லோட கதையை முடிச்சு விடுறாங்க. எனக்கு அது விளக்கமாத் தெரியல்ல.

மேடையில "நம்மட குடி மாதிரித்தான்" எண்டு சொன்னா சபைக்கு லேசா விளங்கும். படையாண்ட குடி, உலகிப்போடி குடி எல்லாம் நம்மட கிழக்குப் பக்கத்து ஆக்களுக்குப் பழகின விசயம்தானே. அப்பிடிச் சொல்லலாமா?

இன்னொண்டு, அவங்கட நாடாளுமன்றத்தில "நாலரை" எண்டு ஒரு பங்கு முறை இருக்காம். அரை எண்டா யார்?

---

படுவான் எழுதியது:

முதலில் "பற்று" என்ற சொல்லைத் தூக்கி ஒரு பக்கம் வையுங்க. பாசம், வெறி எண்டு தொடங்கினா வழி தவறும். சோமாலிக் குலம் அடியில ஒரு கொடுக்கல் வாங்கல் கணக்கு.

சோமாலிப் பிள்ளைக்குச் சின்னனிலயே தகப்பன், தகப்பன்ட தகப்பன், அவர்ட தகப்பன் எண்டு பேரடுக்கிச் சொல்லப் பழக்குவாங்க. இதுக்குப் பேர் அப்திர்சீன்யோ, முன்னோரை எண்ணுறது எண்டு அர்த்தம். முன்பின் தெரியாத ரெண்டு பேர் சந்திச்சா இந்த வரிசையை ஒப்பிட்டு எந்தப் பாட்டனில ரெண்டு பேரும் சேருறாங்க எண்டு கண்டுபிடிச்சிரலாம். கிட்டின பாட்டன் எண்டா சின்னக் கூட்டம், தூரத்துப் பாட்டன் எண்டா பெரிய கூட்டம். உச்சியில தாரோத், ஹவியே, திர், இசாக், ரஹன்வெய்ன் எண்டு பெரிய குலங்கள். முதல் நாலும் பெரும்பாலும் ஒட்டகம், ஆடு மேய்ச்ச வழி. ரஹன்வெய்ன் ஆக்கள் ஜூபா, ஷபேல்லே ஆறுகளுக்கு நடுவில இறுங்கு விதைச்சு மாடு வளர்க்கிறவங்க. அவங்கட பேச்சு மாய், மற்ற ஆக்களுக்கு அது லேசில விளங்காது. அதால "ஒரே மொழி" எண்டு மேடையில அடிச்சுச் சொல்லாதீங்க, ஒரு வாத்தியார் எழும்புவார்.

ஆனா ஒரு மனுசனுக்கு நாளாந்தம் தேவைப்படுறது இந்த உச்சிப் பேர் இல்ல. கீழ, சில நூறிலிருந்து சில ஆயிரம் ஆண்கள் வரைக்கும் உள்ள ஒரு கூட்டம். அதை நான் மக் கூட்டம் எண்டு சொல்லுறன். மக் எண்டா இரத்தத்துக்குக் கட்டுற நட்டஈடு, அரபியில தியா.

நம்மட மரண உதவிச் சங்கத்தை நினையுங்க. மாதச் சந்தா கட்டுறம், சாவு விழுந்தா சங்கம் காசு தரும். இப்ப அந்தச் சங்கத்தில சேர்றதும் விலகுறதும் உங்கட கையில இல்ல, தகப்பன் வழியா பிறக்கும்போதே சேர்ந்தாச்சு எண்டு வையுங்க. நீங்க கொல்லப்பட்டா சங்கம் வாங்கும். நீங்க ஒருத்தனைக் கொண்டாலும் சங்கம்தான் கட்டும். அவ்வளவுதான் மக் கூட்டம்.

ஒரு கொலை விழுந்தா நடக்கிறது இப்பிடி. முதல் வேலை பழிவாங்கலை நிப்பாட்டுறது. ரெண்டு பக்கமும் சேராத மூண்டாவது குலத்துப் பெரியவங்க நடுவில வந்து நிப்பாங்க. மறுகா மரத்தடியில ஷிர் எண்ட சபை கூடும். வளர்ந்த ஆண் எவனும் அதில வாய் திறக்கலாம், நாள் கணக்கா இழுக்கும். அங்க பாக்கிறது ரெண்டு விசயம்: வேணுமெண்டு கொண்டானா, கை தவறினதா? இந்த ரெண்டு கூட்டத்துக்கும் இடையில பழைய ஹேர் இருக்கா? ஹேர் எண்டா வழக்குச் சட்டம்தான், ஆனா நாடு முழுக்க ஒண்டு இல்ல. கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் இடையில போட்ட ஒப்பந்தம். பிரித்தானியர் ஆண்ட வடக்குப் பகுதியில இந்த ஒப்பந்தங்களை எழுதி மாவட்டக் கந்தோரில பதிஞ்சு வச்சிருந்தாங்க. ஒப்பந்தம் இல்லாத கூட்டத்தோட பிரச்சினை வந்தா ஒண்டிலிருந்து பேச வேணும், அங்கதான் சுணக்கமும் சண்டையும்.

வழமையான அளவு ஆணுக்கு 100 ஒட்டகம், பெண்ணுக்கு 50. காயத்துக்குத் தனி விலை. கொண்டவன்ட கிட்டின சொந்தம் ஒரு கனத்த பங்கைக் கட்ட, மிச்சம் முழுக் கூட்டத்துக்கும் ஆண் தலைக்கு இவ்வளவு எண்டு பிரியும். வாங்குற பக்கமும் அதே மாதிரி, செத்தவன்ட வீட்டுக்கு ஒரு பங்கு, மிச்சம் கூட்டத்துக்கு. இப்ப பட்டணங்கள்ல பெரும்பாலும் காசுதான்.

சண்டையிலும் விதி இருக்கு. பெண்கள், பிள்ளைகள், கிழவர், விருந்தாளி, மார்க்க அறிஞர் இவங்களைத் தொடக்கூடாது. "பிரிமகெய்தோ" எண்டு சொல்லுவாங்க, இரும்பு படக்கூடாதவர். உள்நாட்டுப் போரில முதல் உடைஞ்சதும் இந்த விதிதான்.

எங்க பிழைக்குது? காசு வராட்டிப் பழி. அந்தப் பழி கொண்டவனைத் தேடிப் போக வேணும் எண்டு இல்ல, அவன்ட கூட்டத்தில சமமான ஒருத்தன் போதும். அதால துவக்கையே தொட்டிராத வைத்தியரும் வியாபாரியும் மற்றவன் செய்த கொலைக்கு ஒளிச்சுத் திரிய வேண்டி வரும். அடுத்தது, ஒருத்தன் திரும்பத் திரும்பக் குழப்படி செய்தா கூட்டம் "இனி உனக்குக் கட்ட மாட்டம்" எண்டு கை கழுவலாம். கை கழுவப்பட்டவனைப் பாதுகாக்க வேற ஒண்டும் இல்ல. மூண்டாவது, கட்டுற பக்கம் பலமான குலம், கேக்கிற பக்கம் சின்னக் கூட்டம் எண்டா கேட்ட மாதிரிக் கிடைக்காது.

மொகதிசுவில ஒரு படிச்ச பொடியனுக்குக் குலமே பிடிக்காது எண்டு வைப்பம். வாகனத்தில ஒருத்தரை அடிச்சுப் போட்டான். நம்பிப் போகப் பொலிஸ் இல்ல, காப்புறுதி இல்ல, நம்பிப் போக நீதிமன்றமும் இல்ல. யாருக்குக் கோல் எடுப்பான்?

---

அக்கரைப்பத்தான் எழுதியது:

தம்பி எழுவான்கரை, "நம்மட குடி மாதிரித்தான்" எண்டு மட்டும் சொல்லிராதீங்க. பேர் ஒத்துப் போகுது, வேலை வேற. படுவான் சொன்னத்தை அப்பிடியே வச்சு ஒவ்வொண்டாப் பாருங்க.

சோமாலிக்கு வாப்பா வழி. நமக்கு உம்மா வழி. இது சின்ன வித்தியாசம் இல்ல, எல்லாமே இதிலதான் இரிக்கி. நம்மட பக்கம், தமிழாக்கள் எண்டாலும் சோனகர் எண்டாலும், ஒரே குடிக்குள்ள கலியாணம் முடிக்க ஏலா, அவங்க அண்ணன் தங்கச்சி முறை. அப்ப ஒவ்வொரு வீட்டிலயும் வாப்பா ஒரு குடி, உம்மாவும் பிள்ளைகளும் இன்னொரு குடி. மாப்பிள்ளை பொண்டாட்டிட வளவில போய் இரிக்கிறான். இனி ரெண்டு குடிக்குள்ள வெட்டுக் குத்து எண்டு கற்பனை பண்ணிப் பாருங்க. வாப்பா ஒரு பக்கம் நிக்க வேணும், மகன் மற்றப் பக்கம். ஆம்பிளைகளெல்லாம் எதிர்க் குடி வீட்டில சோறு திண்டுகொண்டு இரிக்கிறாங்க. இப்பிடி ஒரு அமைப்பில படை கட்டவே ஏலா.

அங்க வாப்பாவும் மக்களும் சகோதரங்களும் ஒரே குலம், ஒரே இடத்தில இரிப்பாங்க. அழைச்சா ஒரே ஆளாத் திரளலாம். பொண்ணு கொடுக்கிறது பெரும்பாலும் மக் கூட்டத்துக்கு வெளிய, அதுவும் பகை உள்ள கூட்டத்தோட உறவு வைக்கிறதுக்கு. கலியாணம் முடிஞ்ச பொண்ணு தண்ட வாப்பாட குலத்தை விடுறதில்ல, பேரையும் மாத்திறதில்ல. அப்ப சண்டை வந்தா ஒரு பக்கம் அவட நானாமார், மற்றப் பக்கம் அவட மகன்மார். ரெண்டு முகாமுக்கும் போய் வரக்கூடிய ஆள் அவ மட்டும்தான். சமாதானத் தூது கனக்க நேரம் பொம்பிளைகள் வழியாத்தான் போகும். நம்மட பக்கம் பாலம் ஆம்பிளை, அவங்கட பக்கம் பாலம் பொம்பிளை. மேடையில சொல்ல இது நல்லா இரிக்கும்.

மற்றது, நம்மட குடி என்னத்துக்குப் பயன்பட்டிச்சு? கலியாணம் பேச, கோயில்ல வண்ணக்கர், திருவிழா உபயம், பள்ளியில குடிக்கொரு மரைக்கார், கந்தூரிப் பங்கு. யார் முன்னுக்கு நிக்கிற எண்ட மரியாதைச் சண்டை இதிலயும் வந்து வழக்கு வரைக்கும் போகும்தான். ஆனா குடி கொலைக் காசு கட்டினதில்ல. முக்குவர் சட்டமும் 19ஆம் நூற்றாண்டோட கோடேறாமப் போயிட்டு. காணி உறுதி, பொலிஸ், நீதிமன்றம் எல்லாம் குடிக்கு வெளிய இருந்து வந்திட்டு. சோமாலியாவில வெளிய இருந்து ஒண்டும் நிலைக்கல்ல.

அங்கத்த அரசியலுக்குக் கிட்டின உதாரணம் வேணும் எண்டா குடியை விடுங்க, "நம்மட ஊருக்கு ஒரு எம்பி" எண்டத்தை எடுங்க. நம்மட திகாமடுல்லத் தேர்தல் மாவட்டத்தில ஏழு ஆசனம். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பத்து, பொத்துவில் எண்டு ஒவ்வொரு ஊரும் தனக்கு ஒருத்தர் வேணும் எண்டு நிக்கும். ஒரே இனம், ஒரே மார்க்கம், கனக்க நேரம் ஒரே கட்சிப் பட்டியல், ஆனா விருப்பு வாக்கில ஊர் ஊராப் பிரியும். கல்முனைக்குள்ள இருந்து சாய்ந்தமருது தனிச் சபை கேட்டு 2018 உள்ளூராட்சித் தேர்தல்ல சுயேச்சைக் குழுவே இறக்கிச்சு. வெளியால ஒருத்தன் வந்தா எல்லாரும் ஒண்டு, அவன் போனா ஊருக்கு ஊர். சோமாலிக் குலமும் இப்பிடித்தான் விரியும், சுருங்கும்.

---

எழுவான்கரை:

அக்கரைப்பத்தான் நானா, நல்ல வேளை கேட்டன். குடி உதாரணத்தை முதல் ஸ்லைட்டிலயே போட்டிருந்தன், எடுத்திட்டன்.

படுவான் அண்ணே, மரண உதவிச் சங்கம் விளங்குது. ஆனா அந்தச் சங்கம் எல்லாக் காலத்திலயும் இருந்ததுதானே. 1960இல சுதந்திரம் எடுத்து முப்பது வருசம் அரசு நடத்தி இருக்காங்க. 1991இல மட்டும் ஏன் வெடிச்சது?

---

பழைய கந்தோர் எழுதியது:

இந்த இடத்தில் பலர் தலைகீழாக விளங்கிக்கொள்கிறார்கள். குலம் பலமாக இருந்ததால் அரசு விழவில்லை. அரசு குலத்தை ஆயுதமாக எடுத்துப் பாவித்து, பிறகு தானும் விழுந்தது. ஆண்டு வரிசையில் பார்த்தால் தெளிவாகும்.

1943இல் தொடங்கிய சோமாலி இளைஞர் கழகத்தில் உறுப்பினர்கள் தங்கள் குலத்தைச் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தார்கள். 1960 ஜூன் 26இல் பிரித்தானியப் பகுதிக்கும் ஜூலை 1இல் இத்தாலியப் பகுதிக்கும் சுதந்திரம், அன்றே இரண்டும் இணைந்தன. அறுபதுகளில் குலம் கேட்பது நாகரிகமில்லை என்றாகி, படித்தவர்கள் "உன்னுடைய எக்ஸ் என்ன?" என்று கேட்டார்கள். எக்ஸ் என்றால் முன்னாள். முன்னாள் குலம் எது என்று கேட்பதாகப் பாவனை! சிரிப்பாக இருக்கும், ஆனால் அன்றைய நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

1969 மார்ச் தேர்தலில் 123 இடங்களுக்கு 60க்கும் மேற்பட்ட கட்சிகள். பெரும்பாலானவை கட்சிப் பெயர் போட்ட உபகுலங்கள். வென்ற பிறகு ஏறக்குறைய எல்லோரும் ஆளும் கட்சிக்குள் பாய்ந்தார்கள், ஏனென்றால் அமைச்சும் அனுமதிப் பத்திரமும் அங்கேதான். அந்த அக்டோபர் 15இல் ஜனாதிபதி ஷெர்மார்கே சுட்டுக் கொல்லப்பட, 21இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. வந்தவர் சியாத் பாரே.

பாரே செய்தது முழுத்தடை. குலத்தின் கொடும்பாவியைப் புதைத்தார்கள். கொலைக்கு மரண தண்டனை என்று சொல்லி மக் முறையை ரத்துச் செய்தார்கள். "மச்சான், சித்தப்பா மகன்" என்று விளிப்பதற்குப் பதிலாக "ஜாலே", அதாவது தோழர். "எக்ஸ்" கூடத் தடை. 1972இல் சோமாலி மொழிக்கு இலத்தீன் எழுத்து வந்ததும் எழுத்தறிவு இயக்கமும் இதே காலம், அதை மறுக்கக்கூடாது.

அதே ஆள் தன் உள்வட்டத்தை எப்படிக் கட்டினார்? மரேஹான் அவருடைய தகப்பன் வழி. ஒகாதேன் அவருடைய தாயின் குலம். துல்பஹந்தே அவருடைய மருமகனின் குலம், அந்த மருமகன்தான் பாதுகாப்புச் சேவைத் தலைவர். மூன்றும் தாரோதின் கிளைகள். மூன்றின் முதலெழுத்தையும் சேர்த்து ஜனங்கள் "எம்.ஓ.டி." என்று காதோடு காதாகச் சொன்னார்கள், உரக்கச் சொன்னால் சிறை. வெளியே தடை, உள்ளே கணக்கு. குலத்தைப் பற்றிப் பேச முடியாததால் பங்கு கேட்கவும் முடியவில்லை.

1977-78இல் ஒகாதேன் பிரதேசத்துக்கான போரில் எத்தியோப்பியாவிடம் தோற்றதும் உடைவு தொடங்கியது. 1978இல் மஜேர்தேன் குலத்து அதிகாரிகள் சதிப்புரட்சிக்கு முயன்று தோற்றார்கள். தண்டனை அதிகாரிகளோடு நிற்கவில்லை, அவர்களுடைய குலத்தின் நீர்த்தொட்டிகளும் மந்தைகளும் அழிக்கப்பட்டன. 1981இல் இசாக் ஆட்கள் இலண்டனில் எஸ்.என்.எம். இயக்கத்தைத் தொடங்கினார்கள். 1988இல் அந்த இயக்கம் ஹர்கெய்சாவுக்குள் புகுந்தபோது, அரசு தன் சொந்த நகரத்தின் மேல் தன் சொந்த விமானங்களால் குண்டு போட்டது. இலட்சக்கணக்கானோர் எல்லை கடந்து எத்தியோப்பியாவுக்கு ஓடினார்கள். ஒருவன் குலத்தை நம்பினானா இல்லையா என்பது இதற்குப் பிறகு கேள்வியே அல்ல. அரசு உன்னைக் குலம் பார்த்துக் கொல்லும்போது, ஒதுங்க உனக்கும் அதே குலம்தான் மிச்சம்.

1991 ஜனவரியில் ஹவியே இயக்கமான யு.எஸ்.சி. பாரேயை மொகதிசுவிலிருந்து துரத்தியது. பொது எதிரி போனதும் அந்த இயக்கமே இரண்டாகியது: ஒரு பக்கம் அதன் தலைவர்களில் ஒருவரான அலி மஹ்தியின் உபகுலம் அப்கால், மறு பக்கம் இன்னொரு தலைவரான ஐதீதின் உபகுலம் ஹபர் கிதிர். இரண்டும் ஹவியே, அதற்குள் இரண்டும் ஹிராப் என்ற ஒரே கிளை. 1991 நவம்பர் முதல் 1992 மார்ச் வரை பீரங்கியால் நகரத்தைப் பிளந்தார்கள். அக்கரைப்பத்தான் சொன்ன விரிவும் சுருக்கமும் இதுதான், ஆனால் இங்கே அது தானாக நடக்கவில்லை. துறைமுகம், விமான நிலையம், உணவு உதவிக் கப்பல், இவை யார் கையில் என்பதுதான் சண்டை.

---

கச்சான் கொட்டை:

வாசிக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எல்லாத்தையும் பாரே தலையில கட்டிறீங்க. குலம் இல்லாட்டி ஐதீதுக்குப் படை எங்கால வந்திருக்கும்?

---

பழைய கந்தோர்:

சரியான கேள்வி. பதில் வடக்கில், சோமாலிலாந்தில் இருக்கிறது. அங்கேயும் அதே குலம், அதே துவக்கு, 1994இல் சொந்தச் சண்டையும் வந்தது. ஆனால் 1993இல் போரமா என்ற ஊரில் மாதக்கணக்காகப் பெரியவர்கள் குந்தியிருந்து பேசினார்கள். அந்த ஊர் பெரும்பான்மை இசாக்குக்குச் சொந்தமானதல்ல, திர் வழியில் வரும் கதபூர்சியின் ஊர். வேண்டுமென்றே அப்படி. அங்கே எகால் ஜனாதிபதியாகத் தெரிவானார். கூர்த்தி எனும் முதியோர் சபை நாடாளுமன்றத்தின் மேலவையாகவே ஆனது, 82 பேர். எகாலிடம் வெளிநாட்டு உதவி இல்லை, 1991 மே 18இல் அறிவித்த தனிநாட்டை அப்போது ஒருவரும் அங்கீகரிக்கவில்லை. ஆகவே பெர்பெராத் துறையில் ஆடு மாடு ஏற்றும் வியாபாரிகளிடம் கடன் வாங்கிப் போராளிகளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது. கடன் கொடுத்தவனுக்கு அமைதி தேவை. மொகதிசுவில் சண்டைதான் இலாபம்.

இதை அளவுக்கு மேல் புகழவும் வேண்டாம். கிழக்கே லாஸ் அனோத் துல்பஹந்தே ஆட்களுக்கு அந்தப் பேச்சு ஒட்டவில்லை. 2023இல் அங்கே மாதக்கணக்கில் போர் நடந்து சோமாலிலாந்துப் படை பின்வாங்கியது.

---

தம்பிலுவில் டீச்சர் எழுதியது:

நாலரைக்கு ஒருத்தரும் வரல்ல, நான் சொல்லுறன்.

2000ஆம் ஆண்டு ஜிபூட்டியில உள்ள ஆர்த்தாவில நடந்த மாநாட்டில நடைமுறைக்கு வந்த சூத்திரம் இது. தாரோத், ஹவியே, திர், திகில்-மிரிஃப்லே (படுவான் சொன்ன ரஹன்வெய்ன்) இந்த நாலுக்கும் சமமா ஒவ்வொரு பங்கு. மிச்ச எல்லாருக்கும் சேர்த்து அரைப் பங்கு. இசாக்கைத் திரோட சேர்த்துக் கணக்கு வச்சாங்க. இசாக் ஆக்களிட்ட கேட்டா தாங்கள் தனி எண்டுதான் சொல்லுவாங்க, அதால மேடையில "நாலு பெரிய குலம்" எண்டு சொல்லும்போது "இந்தக் கணக்கில" எண்டு சேர்த்துச் சொல்லுங்க.

கரும்பலகையில போட்டுக் காட்டலாம். கீழவையில மொத்தம் 275 ஆசனம். 275ஐ நாலரையால பிரிச்சா 61 சொச்சம். அப்ப நாலு குலத்துக்கும் 61 வீதம் 244. மிச்சம் 31 அரைப் பங்குக்கு. குலத்தை எண்ணிப் பாத்த குடிசன மதிப்பீடு ஒண்டும் இதுக்குப் பின்னால இல்ல. பேசி முடிச்ச எண்ணிக்கை, எண்ணி முடிச்சது இல்ல.

அந்த 61உம் குலத்துக்குள்ள உபகுலம், அதுக்குள்ள இன்னொரு கிளை எண்டு இறங்கி, ஒவ்வொரு கதிரையும் ஒரு கிளைக்குச் சொந்தமாயிரும். 2012இல 135 பெரியவங்க உறுப்பினரைத் தெரிஞ்சாங்க. 2016-17இல ஒரு ஆசனத்துக்கு 51 பேர் வாக்குப் போட்டாங்க, மொத்தம் 14,025 வாக்காளர். 2021-22இல ஆசனத்துக்கு 101 பேர். அந்த உறுப்பினர்கள்தான் ஜனாதிபதியைத் தெரியிறது.

பிழை எங்க எண்டு 51 எண்ட எண்ணிக்கையைப் பாத்தாலே தெரியும். பத்தாயிரம் பேரை விலைக்கு வாங்க ஏலாது. 51 பேரில 26 பேரைக் கைக்குள்ள போட்டாச் சரி. அந்த 51 பேரைத் தெரியிறதும் குலப் பெரியவர் எண்டா, பெரியவரை மட்டும் பிடிச்சாலே போதும். மாநிலத் தலைவர்களுக்கும் காசுக்காரருக்கும் இது நல்ல வசதி.

மேல்மட்டத்திலயும் எழுதாத பங்கு இருக்கு. 2012 தொடக்கம் ஜனாதிபதி ஹவியே எண்டா பிரதமர் தாரோத், ஜனாதிபதி தாரோத் எண்டா பிரதமர் ஹவியே. ஹசன் ஷேக் முஹமூத் ஹவியே. 2017இல வந்த ஃபர்மாஜோ தாரோத், அவர்ட பிரதமர் ஹசன் அலி ஹைரே ஹவியே. 2022இல ஹசன் ஷேக் திரும்பி வர, பிரதமர் ஹம்சா அப்தி பாரே தாரோத். கீழவைச் சபாநாயகர் ரஹன்வெய்ன் பக்கம்.

பெண்களுக்கு 30 வீதம் எண்டு ஒரு இலக்கு வச்சாங்க, அது தடக்குப்பட்டதும் குலத்திலதான். பெரியவங்க சொல்லுற நியாயம்: "இவள் பிறந்தது எங்கட குலம், முடிச்சது அந்தக் குலம். ஆசனத்தைக் குடுத்தா யாருக்காகக் கை தூக்குவாள்?" அக்கரைப்பத்தான் நானா பாலம் எண்டு சொன்ன அதே இடம்தான். சமாதானம் பேசப் போக வேணும் எண்டா ரெண்டு குலமும் இருக்கிறது நல்லது, கதிரை எண்டு வந்தா அதுவே குற்றம்.

இவ்வளவு குறை சொன்னாலும் ஒண்டைக் கவனியுங்க. நாலரை வராட்டி 2000இல அந்த மேசையில ஒருத்தரும் குந்தியிருக்க மாட்டாங்க. சண்டையை நிப்பாட்டப் போட்ட கட்டு அது. முறிஞ்ச கைக்குக் கட்டுப் போட்டு இருபது வருசம் கழட்டாம விட்டா கை சூம்பும்.

---

எழுவான்கரை:

டீச்சர், நன்றி. அந்த அரைக்குள்ள யார் யார்?

---

தம்பிலுவில் டீச்சர்:

அது ஒரு கூட்டம் இல்ல, ஒண்டோட ஒண்டு தொடர்பில்லாத பல கூட்டம். ஜூபா, ஷபேல்லே ஆத்தங்கரையில கமம் செய்யிற பாண்டு ஆக்கள், கனபேர் 19ஆம் நூற்றாண்டில கிழக்கு ஆபிரிக்காவில இருந்து அடிமையாக் கொண்டு வரப்பட்டவங்கட வழி. மொகதிசு, பிராவா கரையோரத்துப் பழைய வியாபாரக் குடும்பங்கள். பிறகு தொழிலால ஒதுக்கப்பட்ட மதிபான், தோல் வேலை. துமால், இரும்பு வேலை. யிபிர், மந்திரம் செய்யிறவங்க எண்ட பேர். இந்த மூண்டு கூட்டத்தோட மற்றக் குலங்கள் பெண் குடுக்கிறதும் இல்ல, எடுக்கிறதும் இல்ல. "சாதி இல்லாத சமூகம்" எண்டு யாராவது சபையில சொன்னா இதை எடுத்துப் போடுங்க.

சின்னக் கூட்டங்கள் பலமான குலத்திட அண்டி, அவங்கட பேரையே தங்கட பேராச் சொல்லி வாழுற வழக்கமும் இருக்கு. ஷேகத் எண்டு பேர். பாதுகாப்புக் கிடைக்கும், கதிரை கிடைக்காது.

---

படுவான்:

டீச்சர் சொன்ன ஆக்களுக்கு என்ன நடந்தது எண்டு பஞ்சத்தில பாருங்க, இருபது நிமிசத்தில மூண்டு நிமிசம் இதுக்கு வையுங்க. 2011 பஞ்சத்தில ஏறத்தாழ 2,60,000 பேர் செத்தாங்க எண்டு கணக்கு, பாதிக்கு மேல சின்னப் பிள்ளைகள். கூடச் செத்தது ரஹன்வெய்ன் ஆக்களும் பாண்டு ஆக்களும். மழை எல்லாருக்கும்தான் பிழைச்சது. ஆனா பெரிய மேய்ச்சல் குலங்களுக்கு நைரோபியில ஒரு மாமன், மினியாப்பொலிசில ஒரு தம்பி இருப்பான். காரான் எண்டு குலத்துக்குள்ள காசு சேர்ப்பாங்க, ஹவாலா வழியா அடுத்த நாள் ஊருக்கு வந்திரும். கமக்காரனுக்கு வெளிநாட்டில ஆள் இல்ல. நடந்து மொகதிசு முகாமுக்கு வந்தா அங்க முகாமை வச்சிருக்கிறது வேற குலத்து ஆள், வாற நிவாரணத்தில அவன்ட வெட்டுப் போகத்தான் மிச்சம். உயிர் தப்புறது உன்ட மரண உதவிச் சங்கம் எவ்வளவு பணக்காரச் சங்கம் எண்டதில நிக்குது.

அல் ஷபாப் எண்ட ஆயுத இயக்கமும் இந்தப் பிளவைத்தான் மேயிது. வாயால "குலம் இல்லை, மார்க்கம் மட்டும்" எண்டு சொல்லும். நிலத்தில குலப் பெரியவரிட்ட பொடியன்மாரைக் கேக்கும், வரி கேக்கும், ஒதுக்கப்பட்ட கூட்டத்துக்கு "எங்கட நீதிமன்றத்தில உனக்கும் தீர்ப்புக் கிடைக்கும்" எண்டு சொல்லும். சில இடத்தில கிடைக்கிறதும் உண்மை, அதுதான் அவங்கட பலம்.

---

அக்கரைப்பத்தான்:

அல் ஷபாப்புக்கு எதிரா 2022இல ஹிரான் பக்கம் முதல் எழும்பினதும் ஒரு குலம்தான், ஹவாத்லே. அரசாங்கப் படை பிறகுதான் போய்ச் சேர்ந்தது. முதல் எழும்பின அந்த ஊர்ப் படைக்குப் பேர் மஅவிஸ்லே. மஅவிஸ் எண்டா நம்மட சாரன். சீருடை இல்லாம வீட்டில உடுத்த சாரனோட துவக்கெடுத்து வந்தவங்க எண்டு அர்த்தம்.

மற்றது தம்பி, சொல் ஒண்டு சொல்லித் தாறன். தகப்பன் வழிச் சொந்தத்துக்குச் சோமாலியில "தொல்" எண்டுவாங்க. துணி தைக்கிறதுக்கும் அவங்களுக்கு அதே "தொல்" தான். மரத்தைக் கீறிக் கிளை கிளையாக் காட்டாம, சாரன் மூட்டுற தையலைக் காட்டிப் பேசுங்க. வாத்திமாருக்கும் நித்திரை வராது.